கரையாள்

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் விற்கிறவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அதில் ஏதோ தத்துவம் இருப்பதுபோலத் தலையாட்டுவார்கள். தத்துவமெல்லாம் ஒன்றுமில்லை ஐயா, தண்ணீரைக் கண்டால் பயம். ஷவரைத் திறந்தால்கூட எனக்கு மூச்சு முட்டும். குவளையால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம், அதுவும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு.

நீங்கள் டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. உங்கள் விசாரணை அறிக்கையை முழுதாக வாசித்தேன். பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு சொல்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். துறைமுகத் தெருவில் வலைக் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பட்டறை. பாய்மரப் படகில் தனியாகக் கடலுக்குப் போகிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ள வேண்டிய அத்தனையும் என்னிடம் கிடைக்கும். கழுத்தைச் சுற்றிப் போடுகிற ஜாக்கெட். அது சாதாரணமாகத் தோள்பட்டை மாதிரி தட்டையாகக் கிடக்கும். தண்ணீரில் விழுந்ததும் உள்ளே ஒரு வில்லை கரைந்து, ஊசி ஒன்று கேஸ் குப்பியைக் குத்தி, பை தானாக ஊதிக்கொள்ளும். அதோடு ஒரு விளக்கு, ஒரு விசில். படகோடு ஆளைப் பிணைத்து வைக்கிற கயிறு, அதன் இரண்டு நுனியிலும் கொக்கி. பிறகு, தீப்பெட்டி அளவில் ஒரு சிக்னல். கடலில் விழுந்தவர் அதை அமுக்கினால் படகுக் கிளப்பில் இருக்கிற பெட்டி அலறும்.

ஜாக்கெட்டை வருடா வருடம் பிரித்து, ஊதிப் பார்த்து, திரும்ப மடிப்பது என் வேலை. மடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு மடிப்பு கோணலானால் பை ஒருபக்கமாக ஊதி, ஆளைக் குப்புறக் கவிழ்த்துவிடும். நான் மடித்த ஜாக்கெட் எதுவும் யாரையும் கவிழ்த்ததில்லை. வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறவன் நான். நிற்கிற காரில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட்டுக்கொள்வேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதும், எதற்கும் இன்னும் கொஞ்சம் யோசிப்போம் என்று யோசித்து யோசித்தே தலை நரைத்துவிட்டது. அந்தப் பெண்களுக்குப் பேரப்பிள்ளைகளே பிறந்துவிட்டார்கள்.

ஆகவே எனக்கென்று இருப்பது தங்கை ஒருத்திதான். அவள் கணவர் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விடுமுறையன்று தன்னந்தனியாகப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடுவார். நல்ல மனிதர், கலகலப்பானவர். அவர் வந்தால் அந்த இடமே சிரிக்கும். பெரும்பாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கும், அவ்வளவுதான்.

ஒருமுறை கிளப்பில் புதிய உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட்டை நானே மாட்டிக்கொண்டு விளக்குவது வழக்கம். தண்ணீர் பட்டால் தானாக ஊதும் என்று சொல்லி வாய் மூடவில்லை, பின்னாலிருந்து ஒரு வாளித் தண்ணீர் என் தலையில் இறங்கியது. ஜாக்கெட் படீரென்று ஊதி என் தாடையைத் தூக்கி நிறுத்தியது. மூக்குக் கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. காலி வாளியோடு மாப்பிள்ளை நிற்கிறார். "அட, நிஜமாவே ஊதுது மச்சான்" என்றார். அன்றிலிருந்து கிளப்பில் எனக்குப் பெயர் பலூன்.

நானும் சிரித்தேன். ஜாக்கெட் சரியாக ஊதியது என்பதில் எனக்குப் பெருமைதான். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எதையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது கரையாள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விதியை எழுதியவன் நான்தான். முன்பெல்லாம் பெட்டி அலறினால் மீட்புப் படகு உடனே கிளம்பிவிடும். ஆனால் நம் ஆட்கள் சிக்னலைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் கிளப் சாப்பாட்டு மேசையில் அப்படி உட்கார்ந்துகொண்டிருக்க, மீட்புப் படகு அவரைக் கடலில் தேடி அலைந்து, அதை ஓட்டியவர் அலையில் தூக்கி எறியப்பட்டுத் தோள் எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கமிட்டியில் நான் ஒரு யோசனை சொன்னேன். தனியாகப் போகிற ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அவர்தான் கரையாள். பெட்டி அலறினால், முதலில் கரையாளுக்கு ஃபோன் பண்ணி உண்மைதானா என்று கேட்பது, பிறகு படகை அனுப்புவது. பொய்யான அழைப்பு என்று கரையாள் சொன்னால் பெட்டியில் ரத்து அமுக்கிவிடலாம். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஓர் எண் உண்டு, ரத்து செய்த எண்ணை அன்று முழுவதும் பெட்டி கண்டுகொள்ளாது.

அந்த ரத்து ஏற்பாடு எனக்காகவே வைத்ததுதான். பட்டறையில் பாட்டரி மாற்றிய பிறகு ஒவ்வொரு சிக்னலையும் அமுக்கிப் பார்ப்பேன். அமுக்குவதற்கு முன்பு கிளப் ரேடியோ அறைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிடுவேன். ஒருநாளும் சொல்லாமல் அமுக்கியதில்லை. ரேடியோ அறையில் இருக்கிற பெண் என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். கிளப்பில் என்னைப் பலூன் என்று சொல்லாத ஒரே ஆள்.

மாப்பிள்ளைக்குக் கரையாளாக என் பெயரைக் கொடுத்தது என் தங்கை. "அண்ணன் இருந்தா எனக்கு நிம்மதி" என்றாளாம்.

அந்தப் பயணம் ஒன்றும் பெரியதில்லை. விளக்குப் பாறையைச் சுற்றிக்கொண்டு மாலையில் திரும்பிவிட வேண்டியது. காற்று விழுந்துவிட்டால் பாறைக்குப் பின்னால் நங்கூரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் வருவார். பருவம் மட்டும் சரியில்லை, இந்தக் குளிர் நாட்டில் அந்த மாதத்துக் கடல் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவர் வழக்கமாக ஜாக்கெட்டைப் படகின் அறைக்குள் ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு போகிறவர். இந்த முறை தங்கை பிடிவாதம் பிடித்தாள். போடாமல் போனால் திரும்பி வந்து தன்னோடு பேச வேண்டாம் என்றாள். பத்து வருடமாகத் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன், என் பேச்சுக்குப் போடவில்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் போட்டுக்கொண்டார்.

படகுத் துறையில் நானே அவருக்கு மாட்டி விட்டேன். பட்டைகளை இழுத்து இறுக்கினேன். சிக்னலை மார்புப் பையில் வைத்து, எப்படி அமுக்க வேண்டும் என்று காட்டினேன். விழுந்தால் பதறாதீர்கள், மல்லாந்து படுங்கள், சிக்னலை அமுக்குங்கள், விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு விட்டு விட்டு ஊதுங்கள் என்றேன். நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். கடைசியாகப் பிணைக்கயிற்றை நீட்டினேன்.

"என்ன மச்சான், நாய்ச் சங்கிலியா?" என்றார்.

கயிற்றை வாங்கி, அதன் கொக்கியை என் இடுப்பு பெல்ட்டில் மாட்டினார். மறுநுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜாக்கெட் விசிலை வாயில் வைத்து ஊதினார். "வா வா, ஓடி வா" என்று துறை நெடுகிலும் இழுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன். வேறென்ன செய்வது, கயிறு என்னுடைய தயாரிப்பு, அறுபடாது. துறையில் நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீட்புப் படகு ஓட்டுகிறவர் சிரித்தார். என் தங்கையும் சிரித்தாள். கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள்.

பிறகு அவர் படகில் ஏறிப் போய்விட்டார். கயிறு என் பெல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்து நாற்காலியில் உட்காரும்போதுதான் அதைக் கழற்றினேன். தெரு முழுக்க அப்படியே நடந்து வந்திருக்கிறேன்.

அந்த விசிலால்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு விசிலுக்காக யாராவது அப்படிச் செய்வார்களா? நான் நிதானமானவன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு ஜாக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு எடுத்தேன். கத்தரிக்கோலோடு ஃபோன் பேசக் கூடாது, கண்ணில் குத்திக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

"அண்ணே, டாக்டரோட சிக்னல் வருது" என்றாள் ரேடியோ அறைப் பெண். எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். "நீங்க எதுவும் டெஸ்ட் பண்றீங்களாண்ணே?"

படகை அனுப்பு என்று நான் சொல்லியிருந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு வர ஒரு சின்ன மதியத் தூக்கத்தின் நேரம் போதும். சூடான போர்வை, ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள். பிறகு கிளப்பில் உட்கார்ந்து, கடல் தன்னை எப்படி விழுங்கப் பார்த்தது, தான் எப்படி அதன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார் என்று கதை சொல்வார். என் ஜாக்கெட் அந்தக் கதையில் வருமா என்று யோசித்தேன். வரும், பலூனாக வரும்.

"ஆமாம்மா" என்றேன்.

"சொல்லாம பண்ண மாட்டீங்களே. அவர் கடலுக்குப் போயிருக்கார்னு எழுதியிருக்கு."

"அவர் என்கிட்ட இருந்த உதிரி சிக்னலை எடுத்துட்டுப் போயிருக்கார். அவரோடது இங்க மேசைல இருக்கு, பாட்டரி மாத்தினேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவள் கலகலவென்று சிரித்தாள். "நீங்க கூட மறப்பீங்களாண்ணே" என்றாள். ரத்து அமுக்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. மற்றதெல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வாயில் வந்தது ஐயா. அந்த மறந்துட்டேன் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்று நின்று வந்தது. நான் வாழ்க்கையில் எதையும் மறந்ததில்லை.

அரை மணி நேரம்தான் நினைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். கொஞ்சம் மிதக்கட்டும், மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கட்டும், மச்சான் மடித்த ஜாக்கெட் எப்படித் தலையைத் தூக்கிப் பிடிக்கிறது என்று அனுபவித்துப் பார்க்கட்டும். பிறகு ஃபோன் பண்ணிக்கொள்ளலாம். கையிலிருந்த ஜாக்கெட்டை முடித்துவிட்டுப் பண்ணலாம் என்று மடித்தேன். முடித்துவிட்டு ஃபோனை எடுத்தபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. என்ன சொல்வது? நான் சொன்னது தப்பு, என் மேசையில் இருந்தது உதிரி என்றா? எந்தச் சிக்னல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவன் என்றா? கிளப் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். பலூன் என்ற பெயராவது நல்ல பெயர்.

ஃபோனை வைத்துவிட்டு அடுத்த ஜாக்கெட்டைப் பிரித்தேன். அன்று நிறைய மடித்தேன். எல்லாமே நேர்த்தியாக வந்தன.

மாலையில் தங்கை கடைக்கு வந்தாள். பை நிறையக் காய்கறி வாங்கிக்கொண்டு போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் காணோம்ணே. காத்து வேற விழுந்துடுச்சு."

"பாறைக்குப் பின்னாடி தங்கிட்டிருப்பார்."

"ஜாக்கெட்டைக் கழட்டிட்டிருப்பாரோ?"

"மாட்டார். போட்டிருக்கார்" என்றேன்.

அதில் ஒரு பொய்யும் இல்லை, நீங்களே பாருங்கள். அவள் கிளப்புக்கும் போய்க் கேட்டிருக்கிறாள். டாக்டரிடமிருந்து எதுவும் வரவில்லை, மதியம் வந்தது அண்ணனுடைய டெஸ்ட் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். சிக்னல் வரவில்லை என்றால் ஆள் பத்திரமாக இருக்கிறார் என்றுதான் அர்த்தம். வகுப்பில் நானே அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். தங்கை நிம்மதியாகப் போய்ச் சமைத்தாள்.

மறுநாள் காலை மீன்பிடிப் படகுக்காரர்கள் அவரைக் கொண்டுவந்தார்கள். நான்தான் துறையில் நின்று அடையாளம் காட்டினேன். ஜாக்கெட் சீராக ஊதியிருந்தது, இடது வலது வித்தியாசமே இல்லை. முகம் தண்ணீருக்கு வெளியே இருந்திருக்கிறது, ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை, குளிரில்தான் போயிருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார். தோள் விளக்கு பகல் வெளிச்சத்திலும் மினுக்கிக்கொண்டிருந்தது. விசில் பல்லுக்கு நடுவில் இருந்தது. எடுக்கப் பார்த்தார்கள், வரவில்லை. பல் டாக்டரின் பல், அவ்வளவு உறுதி. நான் சொல்லிக் கொடுத்த ஒவ்வொன்றையும் வரிசை தப்பாமல் செய்திருக்கிறார். பத்து வருடத்தில் முதல்முறையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் எனக்கு நாற்காலி போடச் சொன்னீர்கள்.

பிறகு நீங்கள் விசாரித்தீர்கள். இரண்டு சிக்னலும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, எதை அவரிடம் கொடுத்தேன் என்பதில் குழம்பிவிட்டேன், மேசையில் மிச்சமிருந்ததைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஃபோன் வந்தது என்றேன். நம்பிவிட்டீர்கள். நம்பியதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது, ஆனாலும் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். நான் உதிரியை அமுக்கியிருந்தால் அதன் எண்ணும் கிளப் பெட்டியில் பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன். அந்த எண் அங்கே இல்லை. அன்று நான் எதையும் அமுக்கவில்லை. அவருடைய சிக்னலில் அவர் பெயர்ச் சீட்டை ஒட்டியவனே நான்தான், அந்த எண் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. ரேடியோ அறைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு தன்னுடையதும்தான் என்று தேம்பினாள். வேலையை விட்டுவிட்டாளாம். என் தங்கை ஒரு மாதம் கழித்துப் பேசினாள். "நீ வேணும்னா பண்ணினே? மனுஷனுக்கு ஒரு தடவை கை தவறாதாண்ணே?" என்று கேட்டாள். எனக்குக் கை தவறுமா? அவள் வாயால் அதைக் கேட்க வேண்டியதாகிவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன், வேறு வழியில்லை.

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஓய்வெடுங்கள் என்று பூப்போலச் சொன்னார்கள். போன வாரம் ஒரு புது உறுப்பினர், மீசைகூடச் சரியாக முளைக்காதவர், நான் மடித்துக் கொடுத்த ஜாக்கெட்டைக் கடையிலேயே, என் கண் முன்னாலேயே பிரித்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு தடவை நானே பார்த்துக்கறேன்" என்றார். மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் கோணலாக இல்லை. பிறகு அவரே திரும்ப மடித்தார், அது கண்டபடி கோணியது. அதை அப்படியே பையில் போட்டுக் கொடுத்தேன். அன்றுதான் உங்களிடம் வருவது என்று முடிவு செய்தேன். மனசாட்சி எப்போது விழித்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே ஐயா, அந்தச் சொல். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மரணத்துக்குக் காரணம் கரையாளின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். எண்ணைக் கடைசி இலக்கம் வரை கேட்டேன். அவர் தண்ணீரில் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார், விசில் ஊதிக்கொண்டிருக்கிறார் என்பது நன்றாகத் தெரிந்துதான் ஆமாம்மா என்றேன். அதைவிடக் கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், ஒருமுறை வாசித்துவிட்டுப் போட்டுத் தருகிறேன். தங்கையிடம் நீங்களே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பாவம், அவள் அண்ணன் கை தவறியவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.